ஸ்கேனில் கட்டி வளரவில்லை, ஆனால் மகனின் பார்வை குறைகிறது: எதை வைத்து முடிவெடுப்பது?

கேள்வி: திருச்சியிலிருந்து ஒரு தந்தை

அனைவருக்கும் வணக்கம். என் மகனுக்கு இப்போது நான்கரை வயது. அவன் பிறந்த சில மாதங்களிலேயே வயிற்றிலும் முதுகிலும் பால் கலந்த காப்பியின் நிறத்தில் தட்டையான திட்டுகள் தெரிந்தன. என் தாயார் அவற்றை அதிர்ஷ்ட மச்சம் என்று சொல்லி மகிழ்ந்தார். நாங்களும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று வயதில் அவன் தொலைக்காட்சிக்கு மிக அருகில் போய் நிற்கத் தொடங்கினான். இடது கண் வெளிப்பக்கமாக விலகுவதும் தெரிந்தது. கண்ணாடிக் கடையில் சோதித்துக் கொடுத்த கண்ணாடியை ஐந்து மாதங்கள் அணிவித்தும் மாற்றம் இல்லாததால் கண் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். விழிக்குச் சொட்டு மருந்து விட்டு உள்ளே பார்த்த மருத்துவர், இடது பார்வை நரம்பு வெளிறிப் போயிருக்கிறது என்று சொல்லி அன்றைக்கே எம்.ஆர்.ஐ. எடுக்க எழுதிக் கொடுத்தார். இடது பார்வை நரம்பிலிருந்து இரண்டு நரம்புகளும் சந்திக்கும் இடம் வரை க்ளையோமா என்ற கட்டி இருப்பதாகவும், உடம்பில் உள்ள திட்டுகளையும் சேர்த்துப் பார்த்தால் இது நியூரோஃபைப்ரோமடோசிஸ் முதல் வகை என்ற மரபணு நோய் என்றும் அறிந்தோம்.

அதன்பின் பதினான்கு மாதங்களாக மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேனும் கண் பரிசோதனையும் நடந்து வருகின்றன. சென்ற மாதம் வந்த எம்.ஆர்.ஐ. அறிக்கையில் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏதும் இல்லை என்று எழுதியிருக்கிறது. ஆனால் அதே வாரத்தில் கண் மருத்துவர், இதுவரை நன்றாக இருந்த வலது கண்ணின் பார்வை 6/9 என்ற அளவிலிருந்து 6/18 ஆகக் குறைந்துவிட்டதாகச் சொல்கிறார். நரம்பியல் அறுவை மருத்துவர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, இதில் கத்தி வைக்க இடமில்லை, மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்றார். வேறோர் ஊரில் உள்ள குழந்தைப் புற்றுநோய் மருத்துவர், கட்டி வளராதபோது கீமோ எதற்கு என்று கேட்டார். அவர் கையில் கண் பரிசோதனையின் அறிக்கை இல்லை. இரண்டும் வெவ்வேறு மருத்துவமனைகள் என்பதால், ஒருவர் எழுதியதை மற்றவரிடம் கொண்டுபோய்க் காட்டும் பொறுப்பு என்னுடையதாகிவிட்டது. நான் மின்வாரியத்தில் வேலை செய்பவன். எந்தத் தாளை யாரிடம் முதலில் நீட்ட வேண்டும் என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

என் ஐயங்கள் மூன்று. நான்கரை வயதுப் பையனிடம் செய்யும் பார்வைப் பரிசோதனையை எந்த அளவுக்கு நம்பலாம்? ஒரு நாள் ஒத்துழைக்கிறான், மறுநாள் அட்டையைப் பார்க்கவே மறுக்கிறான். ஸ்கேன் ஒன்றும் கண் பரிசோதனை வேறொன்றும் சொன்னால் எதை வைத்து முடிவெடுப்பார்கள்? இந்த மருத்துவர்கள் அனைவரும் ஒரே மேசையில் அமர்ந்து பேச வழி உண்டா, அல்லது நாங்கள்தான் மருத்துவமனையை மாற்ற வேண்டுமா?


பதில் 1: குழந்தைகள் கண் மருத்துவர், மதுரை

ஐயா, உங்கள் மகனை நேரில் பார்க்காமல் சிகிச்சை சொல்வது முறையாகாது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதில் ஒரு செய்தியை மட்டும் அடுத்த மூன்று மாதத்துக்குத் தள்ளிப்போடக் கூடாது. நல்ல கண்ணில் 6/9 என்பது 6/18 ஆவது, பார்வைக் கூர்மையை எண்ணால் குறிக்கும் லாக்மார் அளவுகோலில் (எண் கூடினால் பார்வை குறைவு) 0.2 என்பது 0.5 ஆவதற்குச் சமம். அதாவது அட்டையில் மூன்று வரிகள். இந்த நோய்க்கான ஆய்வுகளில் இரண்டு வரி, அதாவது 0.2 மாறினாலே அதைப் பொருட்படுத்த வேண்டிய மாற்றமாகக் கொள்கிறோம்.

பரிசோதனையை நம்பலாமா என்பது நியாயமான கேள்வி. இந்த வயதுக் குழந்தை பசியிலோ தூக்கத்திலோ இருந்தால் ஒரு வரி கூடக் குறையச் சொல்லும். அதனால்தான் ஒரே ஒரு பரிசோதனையை வைத்து நாங்கள் முடிவெடுப்பதில்லை. ஒன்று அல்லது இரண்டு வாரத்துக்குள், அவன் தெளிவாக இருக்கும் காலை வேளையில், அதே வகைப் படங்களைக் கொண்ட அதே அட்டையை அதே தூரத்தில் வைத்து மறுபடி சோதிக்கச் சொல்லுங்கள். சென்ற முறை படங்களைக் காட்டிக் கேட்டுவிட்டு இந்த முறை எழுத்துகளைக் காட்டினால் இரண்டையும் ஒப்பிட முடியாது. கண்ணாடியின் பவர் மாறியிருக்கிறதா என்று சொட்டு மருந்து விட்டுப் பார்க்க வேண்டும். பவர் மாறியதால் குறைந்த பார்வையைக் கட்டியின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. குழந்தையின் சொல்லை நம்பியிராத சோதனைகளும் உண்டு. விளக்கை ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்கு மாற்றிக் காட்டும்போது கண்ணின் கருமணி (பாப்பா) சுருங்கும் விதம், நரம்பு முகப்பின் நிறம், ஒளியால் விழித்திரையைப் படமெடுக்கும் ஓ.சி.டி. கருவியில் தெரியும் நரம்பிழைப் படலத்தின் தடிமன் ஆகியவற்றுக்குப் பையனின் மனநிலை ஒரு பொருட்டல்ல. மூன்று மாதத்துக்கு முந்தைய ஓ.சி.டி. பதிவு இருந்தால் அதோடு வைத்துப் பார்க்கட்டும்.

இனி, ஸ்கேனும் கண்ணும் ஏன் ஒத்துப்போகவில்லை என்பது. பார்வை நரம்புக் க்ளையோமா பெரும்பாலும் பைலோசிடிக் ஆஸ்ட்ரோசைட்டோமா என்னும், உலகச் சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் முதல் தரத்தைச் சேர்ந்த, மெதுவாக வளரும் கட்டி. வேறிடத்துக் கட்டி நரம்பை வெளியிலிருந்து நெருக்கும். இதுவோ நரம்புக்குள்ளேயே இழைகளுக்கு இடையில் படர்கிறது. அதனால் அதன் வெளி அளவு ஒரு மில்லிமீட்டர்கூட மாறாதபோதும் உள்ளே இழைகள் மடிந்துகொண்டிருக்கலாம். இதற்கு நேர்மாறாக, ஸ்கேனில் கட்டி பெருத்திருந்தும் பார்வை அப்படியே நிற்கும் குழந்தைகளையும் பார்த்திருக்கிறோம். பல மருத்துவமனைகள் சேர்ந்து, இதே நோய்க்குக் கீமோ பெற்ற குழந்தைகளை ஆராய்ந்து 2012இல் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சைக்குப் பின் 32 விழுக்காட்டினருக்குப் பார்வை மேம்பட்டது, 40 விழுக்காட்டினருக்கு அப்படியே நின்றது, 28 விழுக்காட்டினருக்குக் குறைந்தது. அந்த ஆய்வில் பார்வையின் போக்கும் ஸ்கேனின் போக்கும் ஒன்றுக்கொன்று சரிவரப் பொருந்தவில்லை என்பதே எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்டது. ‘குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை’ என்று எழுதிய கதிரியக்க மருத்துவர் தவறாக எதுவும் எழுதவில்லை. அவர் அளந்தது கட்டியின் அளவை; பையன் எவ்வளவு பார்க்கிறான் என்பதை அவரிடம் யாரும் கேட்கவுமில்லை, சொல்லவுமில்லை.

ஆகவே, நியூரோஃபைப்ரோமடோசிஸ் உள்ள குழந்தைக்குச் சிகிச்சை தொடங்க வேண்டுமா என்ற முடிவில் கண் மருத்துவரின் அறிக்கைதான் பெரும்பாலும் முதலிடம் பெறுகிறது. அந்த அறிக்கை முடிவெடுக்கும் அறைக்குப் போய்ச் சேராததுதான் உங்களுக்கு நேர்ந்திருக்கும் இடர். புற்றுநோய் மருத்துவர் அதைக் கண்ணால் பார்த்திருந்தால் அவர் பதில் வேறாக இருந்திருக்கக்கூடும்.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். பெரிய மருத்துவமனைகளில் ‘டியூமர் போர்டு’ என்ற பெயரில் வாரந்தோறும் ஒரு கூட்டம் நடக்கும். நரம்பியல் அறுவை, குழந்தைப் புற்றுநோய், கதிர்வீச்சு, நரம்பியல் ஸ்கேன், திசு ஆய்வு ஆகிய துறையினர் அதில் இருப்பார்கள். பார்வை சம்பந்தப்பட்ட கட்டி என்றால் கண் மருத்துவரையும் நாளமில்லாச் சுரப்பி மருத்துவரையும் அழைப்பது முறை. நம் மாநிலத்தில் கண்ணுக்குத் தனி மருத்துவமனை, புற்றுநோய்க்குத் தனி மருத்துவமனை என்று வளர்ந்துவிட்டதால், மிகத் திறமையான இருவர் ஒருவரையொருவர் பார்க்காமலேயே ஒரே குழந்தைக்கு வைத்தியம் செய்யும் நிலை ஏற்படுகிறது. இதற்காக நீங்கள் மருத்துவமனையை மாற்ற வேண்டியதில்லை. புற்றுநோய் மருத்துவரிடம், இந்தக் குழந்தையை டியூமர் போர்டில் வையுங்கள், கண் மருத்துவர் காணொளியில் கலந்துகொள்வார் என்று கேளுங்கள். கண் மருத்துவரிடம், பதினான்கு மாதப் பார்வை அளவுகளையும் தேதி வாரியாக ஒரே தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்த ஒரு தாள் உங்கள் ஃபைலில் உள்ள எல்லாத் தாள்களையும்விட அதிகம் பேசும்.

ஒன்றிரண்டு செய்திகளை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் குழப்பம் வராது. இந்த மரபணு நோய் உறுதியாகி, ஸ்கேனிலும் வழக்கமான தோற்றம் இருந்தால் பெரும்பாலும் பயாப்ஸி (திசுவை எடுத்துச் சோதித்தல்) தேவைப்படாது. கதிர்வீச்சைக் கூடியவரை தவிர்ப்பார்கள். இந்தக் குழந்தைகளுக்குப் பின்னாளில் வேறு கட்டிகள் தோன்றும் அபாயத்தையும், மூளை இரத்தக் குழாய்கள் சுருங்கும் மோயமோயா என்ற நோயையும் அது கூட்டுகிறது. ஸ்கேன் அறிக்கையில் மூளையின் வேறு இடங்களில் வெண்புள்ளிகள் என்று எழுதியிருந்தால் அஞ்ச வேண்டாம். இந்நோயில் அவை பரவலாகக் காணப்படுபவை, பெரும்பாலும் கட்டி அல்ல. அதைப் படித்துவிட்டு இரவெல்லாம் அழுத பெற்றோரைச் சந்தித்திருக்கிறேன்.


பதில் 2: ஒரு தாய், சேலம்

சகோதரருக்கு வணக்கம். என் மகளுக்கு வந்தது உங்கள் மகனுக்கு வந்த கட்டி அல்ல; பிட்யூட்டரி சுரப்பியை ஒட்டி வளரும் க்ரேனியோஃபாரிஞ்சியோமா. ஆனால் அதுவும் பார்வை நரம்புகள் சந்திக்கும் அதே இடத்தில் உட்கார்ந்திருந்ததால் எழுதுகிறேன். எங்கள் கதையில் விடுபட்டுப்போனவர் கண் மருத்துவர் அல்லர், சுரப்பி மருத்துவர்.

ஒன்பது வயதில் அவள் நடக்கும்போது கதவு நிலையில் தோள் இடித்துக்கொள்வாள். சாப்பிடும்போது இலையின் ஓரத்தில் வைத்த அப்பளம் அவள் கண்ணுக்குத் தெரியாது. கவனமில்லாத பெண் என்று நான் கடிந்துகொண்டேன். இரண்டு கண்ணிலும் வெளிப்பக்கப் பார்வை போயிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. அதைவிட எனக்கு இன்றும் உறுத்துவது, இரண்டு தீபாவளிக்கு முன்பு வாங்கிய பாவாடை அவளுக்கு அப்படியே பொருந்தியதைப் பார்த்து, துணி வீணாகவில்லை என்று நான் மகிழ்ந்தது. அவள் வளர்ச்சி நின்றிருந்தது.

அறுவை நல்லபடியாக முடிந்தது. மறுநாளிலிருந்து அவள் தண்ணீர் தண்ணீர் என்று கேட்டுக் குடித்துக்கொண்டே இருந்தாள். சிறுநீர் லிட்டர் லிட்டராகப் போனது. சர்க்கரை நோயோடு தொடர்பில்லாத இந்த நீரிழிவு, உடல் நீரைக் காக்கும் ஹார்மோன் சுரக்காததால் வருவது என்றும், டெஸ்மோபிரசின் என்ற மருந்தால் கட்டுக்குள் வரும் என்றும் விளக்கினார்கள். அதனுடன் தைராய்டு மாத்திரை, உடல் சுரக்காத ஹார்மோனுக்கு ஈடான ஹைட்ரோகார்டிசோன் மாத்திரை என்று நாள்தோறும் கொடுக்க வேண்டியவை சேர்ந்துகொண்டன. காய்ச்சலோ வாந்தியோ வந்தால் ஹைட்ரோகார்டிசோனைக் கூட்டித் தர வேண்டும், விழுங்க முடியாவிட்டால் ஊசியாகப் போட வேண்டும் என்பது எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. ஆனால் ஒருமுறை இரவில் வாந்தியோடு நாங்கள் ஓடிச் சென்ற பக்கத்து மருத்துவமனையில் அதைச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. வெறும் குளுக்கோஸ் ஏற்றிவிட்டுக் காத்திருக்கச் சொன்னார்கள். அவள் துவண்டு போவதைப் பார்த்து, எங்கள் சுரப்பி மருத்துவரைக் கைப்பேசியில் அழைத்துப் பணி மருத்துவரிடம் கொடுத்த பிறகே ஊசி போடப்பட்டது.

அன்றிலிருந்து அரைத் தாளில் ஒரு குறிப்பு எழுதி, பிளாஸ்டிக் உறையிட்டு அவள் பள்ளிப் பையிலும் என் பணப்பையிலும் வைத்திருக்கிறேன். நோயின் பெயர், அறுவை நடந்த தேதி, தினசரி மருந்துகள், அவசரத்தில் போட வேண்டிய ஊசியும் அளவும், மருத்துவர் கையொப்பம், அவ்வளவுதான். அதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி வாங்கியிருக்கிறேன்.

உங்கள் மகனுக்கு இதெல்லாம் வரும் என்று சொல்லவில்லை. ஆனால் கட்டி நரம்புகள் சந்திக்கும் இடம் வரை இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்கு நேர் மேலே இருப்பதுதான் சுரப்பிகளை ஆளும் ஹைப்போதலாமஸ். எங்கள் மருத்துவமனையில் காத்திருந்தபோது அறிமுகமான ஒரு குடும்பத்தில், இதே நியூரோஃபைப்ரோமடோசிஸ் உள்ள ஆறு வயதுப் பையன் திடீரென்று உயரமாக வளர்ந்ததைப் பார்த்து எல்லோரும் பூரித்தார்கள். அது முன்கூட்டியே தொடங்கிவிட்ட பூப்பு. ஆகவே அவன் உயரத்தை மூன்று மாதத்துக்கு ஒரு முறை, முடிந்தால் ஒரே சுவரில் குறித்து வையுங்கள். மிகக் குறைவாக வளர்ந்தாலும், மிக வேகமாக வளர்ந்தாலும் சுரப்பி மருத்துவரிடம் காட்டுங்கள். யாரும் அனுப்பாவிட்டால் நீங்களே கேட்டுப் போங்கள்.


மீண்டும் கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. பன்னிரண்டு நாள் கழித்துக் காலையில் மறுபடி சோதித்தார்கள். அதே அட்டை, அதே 6/18. கண்ணாடி பவர் மாறவில்லை. ஓ.சி.டி.யிலும் வலது கண்ணின் நரம்பிழைப் படலம் முன்பைவிட மெலிந்திருக்கிறதாம். அந்த ஒரு தாளை எடுத்துக்கொண்டு நேராகப் புற்றுநோய் மருத்துவரிடம் போனேன். அவர் தாளை இரண்டு முறை படித்துவிட்டு, இதை ஏன் முன்பே காட்டவில்லை என்று கேட்டார். கோபம் வந்தது, அடக்கிக்கொண்டேன். வரும் வியாழக்கிழமைக் கூட்டத்தில் வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். கீமோ தொடங்கும்படி இருக்கும் என்றும் சொன்னார். முடி கொட்டுமா, அவன் தாங்குவானா, வாரா வாரம் பேருந்தில் அழைத்துப்போய் வர முடியுமா என்று வீட்டில் எல்லோரும் கலங்கிப் போயிருக்கிறார்கள். செலவைப் பற்றியும் யாராவது சொன்னால் நல்லது.


பதில் 3: குழந்தைப் புற்றுநோய்ப் பிரிவுச் செவிலியர், சென்னை

அண்ணா, இந்தக் கட்டிக்குக் கொடுக்கும் கீமோ, இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுப்பதைப் போலக் கடுமையானதன்று, ஆனால் நீண்டது. பெரும்பாலும் கார்போபிளாட்டின், வின்கிரிஸ்டின் என்ற இரண்டு மருந்துகளைச் சேர்த்து ஏறத்தாழ ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை கொடுப்பார்கள். தொடக்க வாரங்களில் வாராவாரம் வர வேண்டியிருக்கும், பிறகு இடைவெளி கிடைக்கும். சில இடங்களில் வின்பிளாஸ்டின் என்ற ஒரே மருந்தை வாரம் ஒருமுறை என்று ஏறத்தாழ எழுபது வாரங்கள் கொடுப்பதும் உண்டு. குட்டி இரத்தக் குழாயில் ஒவ்வொரு வாரமும் ஊசி தேடாமல் இருக்க, மார்பில் தோலுக்கடியில் ‘போர்ட்’ என்ற சிறு கருவியை வைக்கச் சொல்வார்கள், அதற்குத் தயங்காதீர்கள். வின்கிரிஸ்டின் இரத்தக் குழாய்க்கு வெளியே கசிந்தால் சதையைப் புண்ணாக்கிவிடும்.

பெற்றோர் எங்களிடம் முதலில் கேட்பது முடியைப் பற்றித்தான். முடி மெலியலாம், திரும்ப முளைத்துவிடும். நான் உங்களைக் கவனிக்கச் சொல்வது வேறு. வின்கிரிஸ்டின் தொடங்கிய முதல் வாரத்திலேயே தாடை வலியும் மலச்சிக்கலும் வரலாம். மலமிளக்கியை முதல் நாளிலிருந்தே கேட்டு வாங்குங்கள். கால் விரல் தரையில் தட்டித் தடுக்கி விழுந்தாலோ, மாடிப்படி ஏறச் சிணுங்கினாலோ அது சோம்பல் அன்று. மருந்து நரம்பைத் தொட்டிருக்கிறது, அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். அதே மருந்தால் கண் இமையும் சரியலாம். இமை சரிந்த குழந்தையைப் பார்த்துவிட்டுக் கட்டி பெருத்துவிட்டது என்று ஒருவர் நினைக்க, அது மருந்தின் விளைவு என்று மற்றவருக்குத் தெரிந்திருக்க, இருவரும் பேசிக்கொள்ளாததால் தேவையில்லாமல் ஸ்கேனுக்காக மயக்க மருந்து கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். கார்போபிளாட்டின் பல தவணை நன்றாக ஒத்துக்கொண்டு, பிறகு ஒருநாள் திடீரென்று தடிப்பும் மூச்சிரைப்புமாக ஒவ்வாமை காட்டலாம். அது காதையும் பாதிக்கக்கூடியது என்பதால் தொடங்கும் முன்பே கேட்கும் திறனைச் சோதித்து வைப்பது நல்லது. பார்வை குறைந்த குழந்தைக்குக் காதும் போனால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் கஷாயம் வைத்துப் பார்க்கலாம், காலை வரை பொறுக்கலாம் என்ற பேச்சே கூடாது. உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். எந்தத் தடுப்பூசியையும் எங்களைக் கேட்காமல் போடக் கூடாது.

மாத்திரையாகத் தரும் புதிய மருந்துகளைப் பற்றி யாராவது உங்களிடம் சொல்லியிருக்கலாம். செலுமெட்டினிப் என்ற மருந்துக்கு, நியூரோஃபைப்ரோமடோசிஸ் குழந்தைகளின் நரம்புறைக் கட்டிகளுக்காக அமெரிக்காவில் 2020இல் ஒப்புதல் கிடைத்தது. பார்வை நரம்புக் கட்டிக்கும் அவ்வகை மருந்துகளைக் கொடுத்துப் பார்க்கிறார்கள். விலை மிக அதிகம். அதோடு அம்மருந்துகள் விழித்திரையையும் இதயத்தையும் பாதிக்கக்கூடும் என்பதால், அவற்றைக் கொடுத்தாலும் கண் மருத்துவரை விட்டு விலக முடியாது. எங்கள் பிரிவில் முதலில் வழக்கமான கீமோவைத்தான் தொடங்குகிறோம்.

பயணத்துக்கு ஒரு வழி உண்டு. டியூமர் போர்டில் முடிவான மருந்தில் சில தவணைகளை உங்கள் ஊருக்கு அருகில் உள்ள புற்றுநோய்ப் பிரிவிலேயே போட்டுக்கொள்ள, பெரிய மருத்துவமனை கடிதம் கொடுத்தால் பலரும் ஒப்புக்கொள்கிறார்கள். அப்படிச் செய்தால் யார் இரத்தப் பரிசோதனையைப் பார்த்துச் சரி சொல்வது என்பதைத் தொடக்கத்திலேயே எழுதி வாங்குங்கள். செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் எடுத்து வாருங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கான திட்டம் அது. நீங்கள் வாரிய ஊழியர் என்பதால் ஊழியர் காப்பீட்டின் கீழ் வருவீர்கள் என்று நினைக்கிறேன், அலுவலகத்தில் விசாரியுங்கள். தங்குவதற்கு, வெளியூரிலிருந்து புற்றுநோய்ச் சிகிச்சைக்கு வரும் குழந்தைகளின் குடும்பங்களுக்கு செயின்ட் ஜூட் இந்தியா குழந்தைகள் பராமரிப்பு மையங்கள் கட்டணமில்லாமல் இடம் தருகின்றன. சென்னையிலும் வேலூரிலும் அவை உள்ளன. மருத்துவமனையின் சமூகப் பணியாளர்தான் பரிந்துரைக்க வேண்டும். அவரும் குழுவில் ஒருவர்தான், கூச்சப்படாமல் கேளுங்கள்.


பதில் 4: சிறப்பாசிரியர், திருநெல்வேலி

மருத்துவர்கள் சொல்லி முடித்த பிறகு எங்களைத் தேடி வரும் பெற்றோர்தான் அதிகம். சிகிச்சை முடியட்டும், பள்ளியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒன்றரை ஆண்டு காத்திருந்தால், எழுத்தறியும் வயது கைநழுவிவிடும்.

உங்கள் மகன் தமிழ் எழுத்து கற்கப் போகும் வயதில் இருக்கிறான். 6/18 பார்வை உள்ள குழந்தைக்குக் கரும்பலகையில் ‘க’ தெரியும். ‘க்’ என்பதன் மேல் உள்ள புள்ளி தெரியாது. ‘ன’வும் ‘ண’வும் சுழியில்தான் வேறுபடுகின்றன, ‘கி’யையும் ‘கீ’யையும் பிரிப்பது மேலே உள்ள ஒரு சிறு சுழிப்பு. ‘பட்டம்’ என்பதைப் ‘படடம’ என்று படிக்கும் குழந்தையை மந்தம் என்று சொல்லிவிடுவார்கள். ஆகவே முதல் வரிசையில் உட்கார வைப்பதோடு நிறுத்தாமல், அவன் கையில் தனியாக, தடித்த கருப்பு எழுத்தில், பளபளப்பில்லாத வெள்ளைத் தாளில் பாடத்தைக் கொடுக்கச் சொல்லுங்கள். ஆனால் எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். பக்கப் பார்வை குறுகிய குழந்தைக்கு மிகப் பெரிய எழுத்து இன்னும் கடினம், ஒரு சொல் முழுவதும் அவன் பார்வைக்குள் அடங்காது. எந்த அளவு பொருந்தும் என்பதைக் குறைபார்வைப் பிரிவில் சோதித்துச் சொல்வார்கள். பெரிய கண் மருத்துவமனைகளில் அந்தப் பிரிவு இருக்கிறது.

இன்னொன்று. நியூரோஃபைப்ரோமடோசிஸ் உள்ள குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குக் கற்றலிலோ கவனத்திலோ இடர்ப்பாடு இருக்கும். பார்வை இல்லாததால் படிக்கவில்லையா, பார்த்தும் பிடிபடவில்லையா என்பதைப் பிரித்தறிய உளவியலாளர் வேண்டும். கீமோ தொடங்கும் முன்பே ஒருமுறை சோதித்து வைத்தால் பின்னால் ஒப்பிட உதவும்.

சான்றிதழைப் பற்றிச் சுருக்கமாக. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி, கண்ணாடி அணிந்த பிறகும் நல்ல கண்ணின் பார்வை 6/18க்கு மேற்படாமல் 3/60 வரை இருந்தாலோ, பார்வைப் புலம் (கண்ணை அசைக்காமல் தெரியும் பரப்பு) 40 பாகைக்குக் குறைந்தாலோ அது குறைபார்வை. கணக்கில் எடுப்பது நல்ல கண்ணைத்தான். ஒரு கண் முற்றிலும் போய் மறு கண் நன்றாக இருந்தால் குறைபாட்டின் அளவு, சலுகைகளுக்கு வேண்டிய 40 விழுக்காட்டை எட்டாது. உங்கள் மகன் எல்லைக்கோட்டில் நிற்கிறான். இப்போது அவசரப்பட வேண்டாம். ஆனால் ஒவ்வொரு அறிக்கையிலும் இரண்டு கண்ணின் அளவையும் தனித்தனியே எழுதி வாங்குங்கள், பார்வைப் புலத்தையும் சேர்த்து.


மீண்டும் கேள்வி கேட்டவர்

வியாழக்கிழமைக் கூட்டம் நடந்தது. பெற்றோரை உள்ளே விடவில்லை. முடிந்த பிறகு புற்றுநோய் மருத்துவர் எங்களை அழைத்து அரை மணி நேரம் பேசினார். கண் மருத்துவர் காணொளியில் கலந்துகொண்டதாகவும், பழைய ஸ்கேன்களை அனைவரும் சேர்ந்து பார்த்தபோது வலது பக்க நரம்பில் சிறு பிரகாசம் எட்டு மாதமாகவே இருந்ததை நரம்பியல் ஸ்கேன் மருத்துவர் சுட்டிக்காட்டியதாகவும் சொன்னார். அறுவை இல்லை, கதிர்வீச்சு இல்லை, கார்போபிளாட்டினும் வின்கிரிஸ்டினும் தொடங்கலாம் என்பது முடிவு. சுரப்பி மருத்துவர் அன்றே உயரம் அளந்து இரத்தம் எடுக்கச் சொன்னார். காதுச் சோதனை நாளை. போர்ட் வைப்பது திங்கட்கிழமை. இனி எல்லா அறிக்கைகளும் புற்றுநோய்ப் பிரிவின் ஒரே ஃபைலில் சேரும் என்றும், எந்த ஐயம் வந்தாலும் அழைக்க ஒரு செவிலியரின் எண்ணைத் தருவதாகவும் சொன்னார்கள். வீட்டுக்கு வந்ததும் என் மனைவி முதலில் கேட்டது அந்த எண்ணைத்தான்.

போன பார்வை திரும்புமா என்று கேட்டேன். இருப்பதைக் காப்பதே முதல் நோக்கம், மேம்பட்டால் மகிழ்ச்சி என்றார். மதுரை மருத்துவருக்கு ஒரே ஒரு கேள்வி: அடுத்த எம்.ஆர்.ஐ. மூன்று மாதத்தில். அலைச்சலைக் குறைக்க அதே நாளில் கண் பரிசோதனையையும் வைத்துக்கொள்ளலாமா?


பதில் 5: குழந்தைகள் கண் மருத்துவர், மதுரை

அதே நாளில் வேண்டாம். எம்.ஆர்.ஐ.க்காக வெறும் வயிற்றில் வைத்து மயக்க மருந்து கொடுத்த குழந்தை அன்று முழுவதும் அரைத் தூக்கத்தில் இருக்கும். அப்போது எடுக்கும் அளவு உங்களைத் தவறாகப் பயமுறுத்தும். ஸ்கேனுக்கு முந்தைய நாள் காலையில் வைத்துக்கொள்ளுங்கள், இரவு அங்கேயே தங்கிவிடலாம். கீமோவின் முதல் தவணைக்கு முன்பும் ஒருமுறை சோதித்து, அந்த அளவைத் தேதியோடு தாளின் தலையில் எழுதச் சொல்லுங்கள். இனி வரும் எல்லா அளவுகளையும் அதனோடுதான் ஒப்பிடப் போகிறோம். அவனுக்குப் பழக்கமான அந்தப் பட அட்டையின் பெயரையும் பக்கத்தில் குறிக்கச் சொல்லுங்கள். பணியாளர் மாறினாலும் அட்டை மாறக் கூடாது.